காருக்குள் ஏறிய பஸ் ஸ்டாண்டு

இது நடந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடி மாதத்தில். திண்டுக்கல்லில் ஒரு கார் ஆடியோ கடையில் ஆரம்பித்து, ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி போகிற ரோட்டில் முடிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வரும். எது முதலில் வரும் என்று மட்டும் சொல்ல முடியாது.

எனக்குப் பிறந்த ஊர் ஆத்தூர். வாக்கப்பட்டது பழனிக்கு அந்தப் பக்கம், நெய்க்காரப்பட்டி. என் வீட்டுக்காரர் திண்டுக்கல் – உடுமலை தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஓய்வு எடுத்த நாள் வரைக்கும் அதே ரூட்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அவர் வாயால் எங்கள் குடும்பமே பிழைத்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவர் நின்று கூப்பிட்டால், வேறு பஸ்ஸில் சீட் போட்டு உட்கார்ந்தவன்கூட இறங்கி வந்து ஏறிவிடுவானாம். இதை அவரே சொன்னதால் பாதிதான் நம்புவேன்.

ஆனால் ஒன்று. "இடையில் நிக்காது" என்று சொல்லிச் சின்ன ஊர்க்காரர்களை இறக்கிவிடுகிற பஸ்களைக் கண்டால் அவருக்குச் சுத்தமாக ஆகாது. பூக்கூடை, காய்மூட்டை, கைக்குழந்தை, யார் கை காட்டினாலும் விசில் அடித்து நிறுத்திவிடுவார். டிரைவர் திட்டுவார், முதலாளி கூப்பிட்டுப் பேசுவார், இவர் கேட்க மாட்டார். "ரோட்டுல நிக்கறவங்க பொழுது போகாமயா நிக்கறாங்க?" என்பார். வீட்டுக்கு வந்தும் அந்தச் சண்டையைத்தான் சொல்வார். நானும் சும்மா இருக்க மாட்டேன், எனக்கும் வாய் நீளம். எங்கள் வீட்டில் டிவி போட்டால் கேட்காது என்று பக்கத்து வீட்டில் கேலி பேசுவார்கள்.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய டீசல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். "இத்தன காலம் நின்னுக்கிட்டே போயாச்சு அம்மிணி, இனி உக்காந்து போலாம்" என்றார். அந்தக் காரில் கம்பெனியே போட்டுக் கொடுத்த செட் ஒன்று உண்டு. ரேடியோ வரும், சிடி பாடும், அவ்வளவுதான். போனை மாட்ட வழி கிடையாது. கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் மகன், அதைக் கழற்றிவிட்டு டிவி மாதிரி பெரிய செட் போடலாம் என்று எத்தனையோ தடவை சொன்னான். இவர் விடவே இல்லை. "கம்பெனிக்காரன் யோசிக்காததையா நாம யோசிக்கப் போறோம்?" என்று சொல்லிவிட்டு, துண்டால் அந்தச் செட்டைத் துடைப்பார்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு இருக்கும்போதே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. அதெல்லாம் பிசியோதெரபியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, குச்சி ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தார். பேச்சு மட்டும் வரவே இல்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாய் எடுப்பார், காற்றுதான் வரும். "சொல்லெல்லாம் உள்ளதான் இருக்கு, வெளிய வர்ற வழி அடைச்சிருக்கு" என்றார் டாக்டர். இரண்டு பேரும் கத்திக்கொண்டே இருந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம்தான் ஒருத்தியே பேசுவது? எனக்கே என் குரல் அலுத்துப்போனது.

பேச்சுப் பயிற்சிக்குத் திண்டுக்கல்லில் ஒரு பெண்ணிடம் போகச் சொன்னார்கள். வாரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். யாரையும் எதிர்பார்த்து நிற்க எனக்குப் பிடிக்காது, ஐம்பது வயசுக்கு மேல் டிரைவிங் கற்றுக்கொண்டேன். நான் ஓட்ட, அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.

பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் தங்கமான பிள்ளை. "ஐயா, 'ஆ' சொல்லுங்க, 'ஈ' சொல்லுங்க" என்று பொறுமையாகச் சொல்லும். வீட்டில் செய்வதற்காக அதை என் போனில் பதிவு பண்ணியும் கொடுத்தது. வீட்டில் அதைப் போட்டால் இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். பஸ் ஸ்டாண்டே அதிரக் கூப்பிட்ட மனுஷனுக்கு, பேரன் வயசுப் பிள்ளைகள் மாதிரி 'ஆ' சொல்ல வெட்கம். எனக்கு அது அப்போது புரியவில்லை. வீம்பு என்றே நினைத்தேன்.

ஆனால் காரில் போகும்போது, ரேடியோவில் பாட்டு வந்தால் லேசாக 'ம்ம்' என்று முனகுவார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறேன், யாரும் அவர் வாயைப் பார்க்கவில்லை, அதனாலோ என்னவோ. இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப பயிற்சியையும் கார்லயே போடுங்கம்மா" என்றது.

போட்டால்தானே! போனில் வைத்தால் டீசல் இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காதில் மாட்டிவிட்டால் பிடுங்கி எறிந்தார். சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகி ரேடியோ வழியாகக் கேட்கிற சாமான் ஒன்றை மகன் வாங்கி அனுப்பினான். அதில் ஊருக்கு ஊர் வேறு ஸ்டேஷன் குறுக்கே வந்தது. 'ஆ' சொல்லுங்க என்று அந்தப் பெண் சொல்லி முடிப்பதற்குள் ஜவுளிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடி சொன்னார். புதுச் செட் போடலாமா என்று இவரிடம் கேட்டதற்கு, இடது உள்ளங்கையை அந்தப் பழைய செட்டின் மேல் வைத்து மூடிக்கொண்டார். அதற்கு மேல் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் அந்தக் கம்பெனி செட்டுக்குள்ளேயே போன் வயர் ஒன்றைக் கொண்டுவருவது என்று முடிவு பண்ணினேன். திண்டுக்கல்லில் ஏறி இறங்கிய கடையில் எல்லாம் ஒரே பதில்தான், "புதுசு போட்ருங்கம்மா." கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பாய் கடை. அவருக்கு நாற்பது வயசு இருக்கும். அவரும் முதலில் சலித்துக்கொண்டார்.

"அக்கா, இத நோண்டுற நேரத்துக்குப் புதுசே போட்டுட்டுப் போயிறலாம். இம்புட்டுப் பாடு எதுக்கு?"

"புதுசு வேணாம் பாய். அவருக்குப் பேச்சு வரல. பேச்சுப் பயிற்சி போடத்தான் கேக்குறேன். இந்தச் செட்டக் கழட்டுனா அவரு மனசு விட்டுப்போகும்."

பாய் காருக்குள் எட்டிப் பார்த்தார். இவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வண்டிய விட்டுட்டுப் போங்க. போனையும் குடுத்துட்டுப் போங்க, டெஸ்ட் பண்ணணும்ல" என்றார்.

ஆட்டோ பிடித்துப் பயிற்சிக்குப் போனோம். அன்றைக்கு இவர் வாயைத் திறக்கவே இல்லை. அந்தப் பெண் கெஞ்சிப் பார்த்தது, நான் மிரட்டிப் பார்த்தேன். முடித்துக்கொண்டு எழுந்தபோது இடது கையைத் துடைத்துப் போடுகிற மாதிரி ஆட்டினார். போதும், இனி வரமாட்டேன் என்று அர்த்தம். அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டது. "இவரே வேண்டாம்னு விட்டுட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. முயற்சி பண்ணப் பண்ணத்தான் வரும்" என்றது. இனி காலம் முழுக்க அவர் குரலைக் கேட்காமலே இருந்துவிடுவேனோ என்று பயம் வந்துவிட்டது.

கடைக்குத் திரும்பினால் வேலை முடிந்திருந்தது. டேஷ்போர்டில் ஒரு கீறல் இல்லை. அதில் சாமான் போட்டு வைக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் எலிவால் மாதிரி ஒரு கறுப்பு வயர் மட்டும் எட்டிப் பார்த்தது. பாய் விளக்கினார்.

"சிடி ஓடுற லைன்லதான் வயர ஒட்டிருக்கேன்க்கா. சிடி ஓடுனாத்தான் இந்தச் செட்டுக்குக் காது தொறக்கும். அதனால சத்தமே பதியாத சிடி ஒண்ணு உள்ள போட்ருக்கேன். அந்த ஊமை சிடி சுத்திக்கிட்டே இருக்கணும், அப்பத்தான் போன்ல உள்ளது ஸ்பீக்கருக்கு வரும்."

சொல்லி முடித்ததும்தான் என் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. கோபமோ என்று பயந்து பார்த்தால், சிரிக்கிறார்! எத்தனை மாதம் கழித்து! போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டு கேட்டால் இரைச்சல் வரும், கழற்றிவிட்டுக் கேளுங்கள் என்று ஒரு புத்திமதியும் சொல்லி பாய் அனுப்பிவைத்தார்.

ரெட்டியார்சத்திரம் வந்ததும் வயரைப் போனில் சொருகிப் பயிற்சியைப் போட்டேன். "ஐயா, வாய நல்லாத் தொறந்து 'ஆ' சொல்லுங்க." அடடா, நான்கு கதவிலிருந்தும் அந்தப் பெண்ணே உட்கார்ந்து பேசுவது போல அத்தனை துல்லியம். எனக்கு வாயெல்லாம் பல். இவர் இடது கையை நீட்டிச் செட்டை அணைத்தார்.

நான் போட்டேன். அவர் அணைத்தார். மறுபடியும் போட்டேன். சின்னப் பிள்ளைகள் சண்டை மாதிரி ஆகிவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஏங்க, நான் யாருக்காக இந்தப் பாடு படுறேன்? இந்த வயசுல ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு லாரிக்கு நடுவுல சாகுறேனே, எனக்கென்ன தலையெழுத்தா? ஒரு 'ஆ' சொன்னா உங்க கௌரவம் கொறஞ்சு போகுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், தோள் குலுங்குகிறது. அழுகிறார். என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அப்போதும் என் பிடிவாதம் போகவில்லை, செட்டை அணைக்காமல் சத்தத்தை மட்டும் குறைத்து வைத்தேன். 'ஆ' சொல்லுங்க, 'ஈ' சொல்லுங்க என்று அந்தக் குரல் யாரும் கேட்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து வெளியே வரும்வரை நாங்கள் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

ஊரைத் தாண்டியதும் ஆடிக்காற்று காரை ஒரு பக்கமாகத் தள்ளியது. பயிற்சி முடிந்துவிட்டது போல, செட்டில் சத்தமே இல்லை. வயர் விட்டுப்போச்சோ என்று நினைத்துச் சத்தத்தை முழுசாகக் கூட்டினேன்.

"பழனி பழனி பழனீ!"

எனக்கு உயிரே போய்விட்டது. பின்னால் பஸ் முட்டிக்கொண்டு வருகிறது என்று நினைத்து, அவசர அவசரமாக ஓரம் கட்டி நிறுத்தி வழி விட்டேன். கண்ணாடியில் பார்த்தால் ரோடு காலி. சத்தம் கதவுக்குள்ளிருந்து வருகிறது! ஹாரன், விசில், கடலை விற்கிறவர் குரல், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டே காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. நடுவில் ஒரு கண்டக்டர் கத்துகிறார்.

"பழனி, உடுமல மட்டும் ஏறு! எடையில எங்கயும் நிக்காது! ஏம்மா, எந்த ஊரு? நெய்க்காரப்பட்டியா? நிக்காதும்மா, எறங்கு, எறங்கு!"

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. திரும்பிப் பார்த்தால், இவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். முகம் சிவந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைக்கிறது. இடது கை முன்னால் இருக்கிற டேஷ்போர்டை அடிக்கிறது.

"நெய்க்... காரப்பட்டி..."

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவும் ஸ்பீக்கரில் வருகிறது என்றே நினைத்தேன்.

"நெய்க்காரப்பட்டி நிக்கும்!"

அவர் வாய்தான்! கரகரத்துப் போய், நாக்கு குழறி, ஆனாலும் அந்த இழுப்பு, அந்த அதட்டல், எல்லாம் அவருடையது. பதிவு எப்போதோ முடிந்துவிட்டது. இவர் நிறுத்தவில்லை. "நிக்கும்... நிக்கும்... சத்திரப்பட்டி நிக்கும்... ஆயக்குடி நிக்கும்... பழனி... நெய்க்காரப்பட்டி... புஷ்பத்தூர்..." ஒரு ஊரின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஊர் வந்தது. மடத்துக்குளம் பாதியில் உடைந்தது. அங்கே நின்று, இடது கையால் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதேன். நெற்றி பட்டு ஹாரன் அலறியது. எதிரே வந்த லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லண்ணே, என் வீட்டுக்காரரு பேசிட்டாரு" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அழுகை அடங்கவே மாட்டேன் என்றது. இவர் செத்த நேரம் பார்த்தார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே இடது கையைவிட்டுக் கதவைத் தட் தட் என்று இரண்டு தட்டு தட்டி, "போலாம்... ரைட்" என்றார். கண்டக்டர் சொன்னால் வண்டியை எடுத்துத்தானே ஆகவேண்டும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் எங்களைப் பைத்தியம் என்பீர்கள். சத்திரப்பட்டி வந்ததும் "சத்திரப்பட்டி" என்றார். நான் பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினேன். யாரும் இறங்கவில்லை, ஏறவில்லை. தட் தட். எடுத்தேன். ஆயக்குடியிலும் நிறுத்தினேன். அங்கே கொய்யாக் கூடையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தது. ஷேர் ஆட்டோ மாதிரி நினைத்திருக்க வேண்டும், குனிந்து பார்த்து, "ஏனுங்க, பழனி போகுமுங்களா?" என்றது. நான் இவரைப் பார்த்தேன். எத்தனையோ மாதமாக யாரும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததில்லை. எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். அந்தப் பெண்ணுக்கு இவருக்குப் பேச்சு வராது என்பது தெரியாது, அவர் முகத்தையே பார்த்து நின்றது.

"ஏறு" என்றார்.

கூடையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டது. கார் முழுக்கக் கொய்யா வாசம். பழனியில் இறங்கும்போது எவ்வளவு என்று கேட்டதற்கு, வேண்டாம் போ என்று கையை ஆட்டினார். அது இரண்டு பழத்தைச் சீட்டில் வைத்துவிட்டுப் போனது.

பாய் கடைக்கு அடுத்த வாரமே போனோம். போனில் பஸ் சத்தம் வந்தது எப்படி என்று கேட்டதும், யோசித்துப் பார்த்துத்தான் அவருக்கு ஞாபகமே வந்தது. "பாட்டுப் போட்டா வயர்ல உள்ள கோளாறு தெரியாதுக்கா. நீங்க பேச்சுக்குன்னு சொன்னீங்களா, அதான் தெருமுனையில நின்ன பஸ்ஸ உங்க போன்லயே பதிஞ்சு போட்டுப் பாத்தேன். அழிக்க மறந்துட்டேன் போல" என்றார். அதை என் பயிற்சிப் பாடங்களுக்கு நடுவிலேயே விட்டுவிட்டிருக்கிறார். நடந்ததைச் சொன்னதும் "யா அல்லா" என்று இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வருஷக்கணக்கில் வரிசையாகச் சொல்லிப் பழகின சொற்கள் சில பேருக்கு இப்படி முதலில் கிளம்பி வருமாம். 'ஆ', 'ஈ'யை மூட்டை கட்டிவிட்டு, திண்டுக்கல் – உடுமலை ரூட்டிலிருந்தே பாடத்தை ஆரம்பித்தது. நான் ஒரு ஊர் சொல்ல வேண்டும், அவர் அடுத்த ஊர் சொல்ல வேண்டும். அப்புறம் அந்த ஊரில் ஏறுகிறவர் என்ன கொண்டுவருவார், பூவா, காயா, கொய்யாவா என்று கேட்கும். அப்படித்தான் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

முழுசாகத் தேறிவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். நீளமாகப் பேச இன்னும் வராது. தண்ணீர் வேண்டுமென்றால் சில நாள் "சில்லறை" என்பார். நான் சிரித்துக்கொண்டே சொம்பை நீட்டுவேன், அவரும் சிரிப்பார். என்னை அம்மிணி என்று கூப்பிட இன்னும் வாய் வரவில்லை, "இந்தா"தான். இருக்கட்டும். வீட்டில் சண்டை போட ஆள் கிடைத்துவிட்டதே, அது போதாதா?

ஆனால் ஒன்றை நினைத்தால் இன்னும் மனசு குறுகுறுக்கிறது. அத்தனை மாதமும் நான் அவரைப் பேச்சே தெரியாத குழந்தையாக நினைத்து, முதல் எழுத்திலிருந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், அவரோ ஒரு ரோடு முழுக்க ஊர்களை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, யாராவது ஒருத்தர் தன்னைக் கண்டக்டராகப் பார்த்து "போகுமா?" என்று கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார். இப்போதெல்லாம் எங்கேயாவது ஒரு மனுஷர் பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தால், "ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" என்று நான் கேட்பதில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வருகிறவரைக்கும் காத்திருக்கிறேன்.